குமாரசுவாமி முதலியார் குடிவழி

குமாரசுவாமி என்னும் பெயர் இலங்கைச் சட்டசபையின் வரலாற்றைப் படிக்கப் புகும் மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது. 1835ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் அமர்ந்த முதல் தமிழர் ஒரு குமாரசுவாமி. அதே சபையிலே பின்னர் ஆங்கிலச் சொல்வன்மையாற் பெயர்பெற்றவர் சேர் முத்துக் குமாரசுவாமி. 1893 முதல் 1898 வரை தமிழர் பிரதிநிதியாயிருந்தவர் பொன்னம்பலம் குமாரசுவாமி. கீழைத்தேயக் கலையாராய்ச்சியால் உலகப் புகழ் எய்திய ஆனந்த குமாரசுவாமி நான்காமவர். ஒருவர் செய்ததை மற்றவர் தலையில் ஏற்றிக் கூறுவது படித்தவரிடத்தும் காணப்படும் வழக்கமாய்விட்டது. இந்நால்வருள் முன்னவரும், ஏனையோர்க்கு மூலபுருடரும், இன்று மிகக் குறைவாக நினைக்கப்படுபவருமாகிய ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியாரின் வரலாற்றையும், அவர் வழி தழைத்த வகையையும் இவ்விழா மலரிலே ஆராய விரும்புகின்றோம்.

இதற்கு இம்மலர் தக்க இடமென்று நாம் கருதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் கல்லூரியின் பழைய மாணவருள் அரசாங்க இலிகிதராய்க் காலங்கழித்தோர் தொகை சிறிதன்று. ஊரிலே கிளாக்கர் என்றாற் பெண் கொடுக்க முந்துவர். மேடையிலே அவரையே பேனா பிடிக்கும் கூலியென்று இகழ்வர். பிறர் சொல்லை எழுதுபவனுக்குத் தன் சொல் ஏது என்பது அவ்விகழ்ச்சியின் கருத்து. குமாரசுவாமி முதலியார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியிலே பிறர் சொல்லைப் பெயர்த்துக் கூறும் உத்தியோகமே பார்த்தவர். அவ்வுத்தியோகத்திலிருந்து ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்குள் நாட்டின் சொல்லையே தன் சொல்லாக்கிக் கொண்ட வரலாறு இது.

யாழ்ப்பாணத்திலே குடிவழி ஆராய்வார்க்கு முதல் இடர்ப்பாடு பெயரால் வருவது. எமக்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகன் பெயருக்கு முன்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மறையும். எனினும் பெயர் முற்றாக அழிந்துவிடுவதில்லை. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கத்தால் அது ஒரு தலைமுறை விட்டு மீண்டும் தோன்றும். எம் நாட்டுப் பேச்சிலே பேரன் என்னுஞ் சொல் பாட்டனைக் குறிப்பதும், பிறநாட்டுத் தமிழர் அதே சொல்லால் மகன் மகனைக் குறிப்பதும் இப்பெயர்ப் பரிமாற்றத்தை நோக்கியே என்க. ஆகவே குடிவழி தேடுபவர் பெயர்களை நேர்கோட்டிலே தேடாமல் ஓரடி விட்டு ஓரடி வைத்துத் தேடல்வேண்டும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும், காணி உறுதிகளும், சாதக ஓலைகளும், கோயில் உபயப் பட்டியல்களும் அவருக்குத் துணைசெய்வன. துணைசெய்யாதன, காசு பெற்றுக்கொண்டு எந்தக் குடும்பத்தையும் அரசர் மரபோடு பொருத்திவிடும் வம்சாவளிகள். சென்ற நூற்றாண்டிலே அத்தகைய கடதாசிகள் எம் குடாநாட்டில் மலிந்தன. குமாரசுவாமி முதலியாரின் பெருமைக்கு அவை வேண்டுவனவல்ல.

அவர்தம் முன்னோரின் ஊர் வடமராட்சியிலே தொண்டைமானாற்றுக்கு அணித்தாயுள்ள கெருடாவில். பருத்தித்துறைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர், செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு மிகத் தொலைவில் உள்ளதன்று. தந்தை பெயர் ஆறுமுகம், மகன் பெயர் குமாரசுவாமி, அவர் மகன் பெயர் முத்துக்குமாரசுவாமி என மூன்று தலைமுறையும் முருகப்பெருமான் திருநாமமே தொடர்ந்து வருதலை நோக்குவார் அக்குடியின் வழிபாட்டை ஒருவாறு உணர்வர். குமாரசுவாமி பிறந்தது 1783ஆம் ஆண்டு. அப்பொழுது யாழ்ப்பாணத்துக் கோட்டையிற் பறந்தது ஒல்லாந்தர் கொடி. அவர் பன்னிரண்டு வயதினராயிருந்தபோது, 1795இலே, அக்கொடி இறங்கி ஆங்கிலக் கொடி ஏறிற்று.

இக்கொடி மாற்றத்தின் பயனைச் சற்று விரித்துக் கூறல்வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் அரசாங்கப் பதவி பெற விரும்புவோர் அவர்தம் புரட்டஸ்தாந்த மதத்தைத் தழுவியிருத்தல் வேண்டுமென்பது விதி. ஞானஸ்நானப் பதிவிலே ஒரு பெயரும் வீட்டிலே வேறொரு பெயருமாக, கோவிற் பற்றினுள் கிறித்தவராயும் அடுக்களையிலே சைவராயும் எம் முன்னோர் பலர் வாழ்ந்தது அதனாலேதான். ஆங்கிலேயர் வந்தபின் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. சைவராகவே இருந்துகொண்டு உத்தியோகம் பார்க்கலாமென்னும் நிலை மெல்ல மெல்ல உண்டாயிற்று. அதே வேளையிற் புதிய ஆட்சியாளருக்கு ஒரு பெருங்குறையும் இருந்தது: அவருக்கு நாட்டு மொழி தெரியாது, நாட்டார்க்கு அவர் மொழி தெரியாது. சென்னையிலிருந்து கொண்டுவந்த அமில்தார்களைக் கொண்டு வரி தண்டப் புகுந்து, 1797இற் கலகத்தை விளைவித்துக் கொண்டபின், உள்ளூரிலேயே இருமொழி வல்லாரைத் தேடிக்கொள்ளும் தேவை அவர்க்கு நன்கு புலனாயிற்று. தேசாதிபதி நோர்த் 1798இல் வந்து கொழும்பிலே கல்விச்சாலை அமைத்ததும் இத்தேவையை நோக்கியே. கெருடாவிற் குடும்பம் கொழும்பு நோக்கிச் சென்றது இந்தக் காலச்சூழலிலாகும். கடல்வழியே வத்தையும் தோணியும், தரைவழியே காடும் கால்நடையுமாயிருந்த அந்நாளில் வடமராட்சியிலிருந்து கொழும்புக்குப் போதல் பிறதேசம் போதலையே ஒக்கும்.

குமாரசுவாமி அரசாங்க சேவையிலே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தேசாதிபதியின் தலைமைத் தமிழ் மொழிபெயர்ப்பு முதலியாரானார். முதலியார் என்பதை இந்தியத் தமிழர் ஒரு சாதிப் பெயராகக் கொள்வர். இலங்கையில் அஃது ஒரு பதவிப்பெயர். அரசு கொடுப்பது, அரசு எடுக்கக்கூடியது. அதற்குரிய சட்டையும் வாளும் சபையிலே நிற்கும் வரிசையும் உண்டு. இராசவாசல் முதலியார், மகா முதலியார் என அதனுட் படிகளும் பல.

மொழிபெயர்ப்பு முதலியாரின் வேலை, பெயர் கேட்பார் நினைப்பதினும் பெரிது. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வரும் விண்ணப்பங்கள் ஓலையிலும் கடதாசியிலுமாகக் கொழும்பை அடையும். ஒருவன் வரிச்சுமை பொறாது முறையிடுவான். ஒருவன் காணி வழக்குக் கூறுவான். ஓர் ஊரார் தம் கோயில் உரிமையைக் காக்க வேண்டுவர். இவற்றின் சாரத்தை ஆங்கிலத்திற் சுருக்கித் தேசாதிபதியின் முன் வைப்பவர் முதலியார். சட்டங்களையும் விளம்பரங்களையும் தமிழாக்குவதும் இத்தகைய உத்தியோகத்தர் பணியே. 1802இலே தொடங்கிய அரசாங்க வர்த்தமானியைப் பார்ப்பார்க்கு அது விளங்கும். தேசாதிபதி மாகாணங்களைச் சுற்றிப்பார்க்கப் புறப்படின் உடன்சென்று, ஊர்த்தலைவர் கூறுவதை அவர்க்கும் அவர் கூறுவதை ஊர்த்தலைவர்க்கும் எடுத்துரைக்கும் வாயும் செவியும் இவரே. ஒரு சொல்லை மெலிதாகப் பெயர்த்தால் ஒருவன் பிழைப்பான்; வலிதாகப் பெயர்த்தாற் கெடுவான். இத்தகைய இடத்திலே கைக்கூலியும் பகையும் நிழல்போற் சூழும். தேசாதிபதிகள் ஒருவர்பின் ஒருவராக மாறியும், நோர்த்தின் போக்கு மெயிற்லண்டுக்கும் மெயிற்லண்டின் போக்குப் பிரவுண்ரிக்குக்கும் ஒவ்வாதிருந்தும், குமாரசுவாமி நிலைபெற்று நின்றாரென்றால், அவரிடத்து ஆள்வோர் வைத்த நம்பிக்கை எளிதிற் கிடைத்ததன்று. ஆள்வோர் நம்பிக்கை ஆளப்படுவோர் நம்பிக்கையாகாது என்று கூறுவாரும் உளர். அதுவும் மெய்யே. இரண்டுக்கும் இடையில் நிற்பவர் இரண்டினாலும் ஐயுறப்படுதல் அவ்வுத்தியோகத்தின் இயல்பு.

அவர் வாழ்நாளில் நிகழ்ந்த அரசியல் நிகழ்ச்சிகளுள் தலையாயது கண்டி இராச்சியம் முடிந்தமை. 1815ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டான்; மார்ச்சு 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சிங்கள மொழித்துறையில் ஆங்கிலேயர்க்கு ஜோன் டொயிலி இருந்தார். ஆனாற் பிடிபட்ட அரசன் நாயக்க மரபினன். கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடையவன். தெலுங்கும் தமிழும் அவன் சுற்றத்தார் வழங்கிய மொழிகள். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள்ளும் சிலர் தமிழெழுத்தும் கிரந்தவெழுத்தும் கலந்து பெயர் பொறித்திருத்தலை இன்றும் காணலாம். கண்டி அரண்மனையிலே தமிழுக்கிருந்த இடம் அத்தகையது. அரசனோடு ஆங்கிலேயர் நிகழ்த்திய பேச்சிலே தமிழ் மொழிபெயர்ப்பாளராய் நின்றவர் குமாரசுவாமி முதலியார் என்பது அவர் குடும்பத்தார் வரலாற்றிலே வழிவழி கூறப்பட்டு வருவது.

இக்காட்சியை நினைக்குந்தோறும் எமக்கு ஒருவகைக் கலக்கம் உண்டாகின்றது. இலங்கையின் கடைசி அரசன் தன் அரசிழந்த சேதியை ஆங்கிலேயன் வாயினாற் கேட்கவில்லை. வடமராட்சித் தமிழிலே கேட்டிருத்தல் கூடும். சொன்னவர் தாம் ஆணையிட்டவரல்லர், ஆணையைப் பெயர்த்தவர். ஆயினும் கேட்டவன் செவியில் அவ்விரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு இருந்திருக்கும்? அரசன் சில மாதங் கொழும்பில் வைக்கப்பட்டு, 1816 தொடக்கத்திலே கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையிலே 1832இல் இறந்தான். அவ்வாண்டிலேதான் இலங்கையில் இராசகாரியம் என்னும் ஊழிய முறையும் ஒழிக்கப்பட்டது. பழைய அரசின் தலைவனும் பழைய அரசின் அடித்தளமும் ஓராண்டில் மறைந்தமை தற்செயலே, எனினுங் குறிக்கத்தக்கது.

ஊழிய முறையை ஒழிக்கக் கூறியவர்கள் கோல்புறூக், கமறன் என்னும் இரு விசாரணையாளர். அவர்தம் அறிக்கைகளின் பயனாகவே 1833இற் சட்டநிரூபண சபை வகுக்கப்பட்டது. உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். மற்றை மூவர் சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனத்துக்கு ஒருவர். யாரும் யாரையும் தெரிந்தெடுக்கவில்லை, தேசாதிபதியே நியமித்தார். 1835இல் தேசாதிபதி ஹோட்டன் காலத்திலே முதன்முறையாக இலங்கையர் மூவர் அமர்ந்தனர். பிலிப்ஸ் பண்டிதரத்தின சிங்களவர் சார்பிலும், ஹில்லபிராண்ட் பறங்கியர் சார்பிலும், குமாரசுவாமி முதலியார் தமிழர் சார்பிலும் இடம்பெற்றனர்.

இவ்விடத்து இரண்டு செய்திகளை நாம் மனத்திற் கொள்ளல்வேண்டும். சபையின் மொழி ஆங்கிலம். ஆகவே ஆங்கிலம் அறியாத தமிழர், எவ்வளவு பெரிய நிலக்கிழாராயினும் கல்விமானாயினும், அங்கே புக வழியில்லை. மொழிபெயர்ப்பு உத்தியோகமே அன்று ஒரு தமிழர்க்கு அரசியற் பள்ளிக்கூடமாயிருந்தது. இஃது ஒன்று. மற்றையது, இனத்துக்கு ஓர் ஆசனம் என்னும் ஏற்பாடு. பின்னாளில் நாட்டைப் பிளந்த இனவாரிப் பிரதிநிதித்துவத்தின் வித்து அன்றே விதைக்கப்பட்டது. அதன் முதற் பயனை நுகர்ந்த தமிழரை வாழ்த்தும்போது அவ்வித்தையும் மறத்தல் நேர்மையாகாது.

முதலியார் அவ்வாசனத்திலே நெடுநாள் இருக்கவில்லை. 1836இல், ஐம்பத்து மூன்றாம் வயதிலே, காலமானார். பின் அவ்வாசனம் 1838இலே கற்பிட்டிச் சைமன் காசிச்செட்டிக்கு உரியதாயிற்று. இலங்கையின் ஊர்கள் பற்றிய அகராதியை 1834இலும், தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட பேரறிஞர் அவர்.

இனி முதலியாரின் வழியினரைக் காண்போம். அவர்க்குச் செல்லாச்சி என்னும் மகளும் முத்துக்குமாரசுவாமி என்னும் மகனும் இருந்தனர். இக்குடும்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆண்மக்களைப் பற்றியே பக்கங்களை நிரப்புவர். செல்லாச்சி ஆச்சியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவர். உண்மையில் இக்குடியின் முதுகெலும்பு அவரே. 1706இலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த உத்தியோகத்தரால் தொகுக்கப்பெற்று, 1806இல் ஆங்கிலேயரால் உறுதிசெய்யப்பெற்ற எம் தேசவழமைச் சட்டம், முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பிரித்து, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேருமென வகுத்தது. பொருள் பெண்வழியிலுஞ் செல்லும் என்பதை நன்கு அறிந்த நாட்டார், புகழும் அவ்வழியிற் செல்லுமென்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

செல்லாச்சியை மணந்தவர் மானிப்பாய் அருணாசல முதலியாரின் மகன் பொன்னம்பலம். இவர் கொழும்பிலே கச்சேரிக் காசாளராக உத்தியோகம் பார்த்தவர், பின் பெருஞ்செல்வரானவர். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1850களில் எடுப்பித்தவர் இவரே. மாமனார் மொழிபெயர்ப்பாளர், மருமகனார் காசாளர். இருவரும் அரசாங்க மேசையில் அமர்ந்தவர்களே. இவ்விருவர் வழியிற் பிறந்த ஆண்மக்கள் மூவர். மூத்தவர் குமாரசுவாமி (1849–1906). நடுவர் இராமநாதன் (1851–1930). இளையவர் அருணாசலம் (1853–1924). நாம் மேலே கூறிய ஓரடி விட்டு ஓரடி வைக்கும் முறை இங்கே கண்ணாடிபோல் விளங்குகின்றது. மூத்த பிள்ளை தாயின் தந்தை பெயரைத் தாங்கினார்; இளைய பிள்ளை தந்தையின் தந்தை பெயரைத் தாங்கினார். இடையில் நின்றவர் இராமேச்சரத்து இறைவன் பெயரைத் தாங்கினார். கெருடாவிலும் மானிப்பாயும் ஒரு வீட்டிலே கூடி வாழ்ந்தமைக்கு இப்பெயர்களிற் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை.

தந்தை இறந்தபோது முத்துக்குமாரசுவாமி நான்கு வயதும் நிரம்பாத குழந்தை. தந்தையின் சொத்து அவர்க்குக் கிடைத்தது. தந்தையின் சொல் கிடைக்கவில்லை. அதனைத் தாமே தேடிக்கொண்டார். கொழும்பு அக்கடமியிலே பயின்று 1851இல் ரேணர் பரிசு பெற்றார். நியாயவாதியாகி, 1860களின் தொடக்கத்திலே சட்டநிரூபண சபையில் தந்தையாரின் ஆசனத்தைப் பெற்றார். இங்கிலாந்து சென்று, 1863இலே லிங்கன்ஸ் இன்னிற் பாரிஸ்டராக ஏற்கப்பட்டார். கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் அங்ஙனம் ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. 1874இற் சேர் பட்டம் பெற்றார்.

அவர் இலண்டனிற் பெற்ற புகழைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். பிரபுக்களின் விருந்தும் நட்பும் எம்மை அத்துணைக் கவரவில்லை. எம்மைக் கவர்வது அவர் அங்கிருந்து செய்த எழுத்துவேலை. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் வெளியிட்டார். பாலி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தையும் தாதவமிசத்தையும் ஆங்கிலமாக்கி 1874இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பு முதலியாரின் மகன் மொழிபெயர்ப்பாளராகவே விளங்கினார். ஆனால் தந்தையார் பெயர்த்தது ஆள்வோர் ஆணையும் ஆளப்படுவோர் விண்ணப்பமும். மகனார் பெயர்த்தது கீழைத்தேயம் மேலைத்தேயத்துக்கு உரைக்க விரும்பிய பொருளை. சைவர் ஒருவர் பௌத்த நூல்களை உலகத்துக்கு எடுத்துரைக்க முற்பட்டமை, பின்வந்த கசப்புக்களை அறிந்த எமக்கு ஒரு பெருமையாகவும் ஒரு துயராகவும் தோன்றுகின்றது.

மருமக்கள் மூவரின் கல்வியிலும் அவர் கருத்தூன்றினார். குமாரசுவாமியும் இராமநாதனும் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியராய்ப் பின்னர்ப் புகழ்பெற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் பாதுகாப்பில் இருந்தனர். அருணாசலம் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியிற் பயின்று, 1875இலே போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார்.

1879 மே மாதத்திலே சேர் முத்துக் குமாரசுவாமி இறந்தார். அவர் ஆசனத்துக்கு யார் என்னும் வினா யாழ்ப்பாணத்தைக் கலக்கிற்று. கிறித்தவராகிய நியாயவாதி பிறிற்றோவை ஒருசாரார் விரும்பினர். இராமநாதனுக்கு அப்பொழுது இருபத்தெட்டு வயது. ஆறுமுக நாவலரவர்கள் தம் உடல்நலம் குன்றியிருந்த அந்த ஆண்டிலே இராமநாதனுக்காக முன்னின்று கூட்டங் கூட்டி ஆதரவு திரட்டினார்; அவ்வாண்டு டிசம்பரிலே நாவலரும் மறைந்தார். இராமநாதன் 1892 வரை அவ்வாசனத்திலிருந்து, சொலிசிற்றர் ஜெனரல் பதவி ஏற்றபோது விலகினார். அடுத்த ஆண்டு அவர் தமையனார் குமாரசுவாமி அமர்ந்து 1898 வரை இருந்தார்.

கணக்கிட்டு நோக்கின், தமிழர்க்கென வகுத்த ஒரே ஆசனம் முதல் அறுபத்து மூன்று ஆண்டுகளுள் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டு ஒரே குடும்பத்தாரிடம் இருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசொமாகவும், மகளின் வழியே மருமக்களுக்குச் சீதனமாகவும் வந்தது என்று வேடிக்கையாகக் கூறலாம். இதனைக் குறைகூறியோர் அன்றும் இருந்தனர். கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர்க்குத் தீவுப்பகுதியின் குடிநீர்க் குறையும் வன்னியின் காய்ச்சலும் எப்படித் தெரியும் என்று கேட்டனர். கேள்வி தக்கதே. கல்வியும் செல்வமும் ஆள்வோர் அறிமுகமும் ஒரு வீட்டிலே குவிந்தபோது, அவ்வீட்டிற்கு வெளியே நின்ற தமிழர் எத்தனையோ பேர் வாய்திறவாமலே கழிந்தனர். வீட்டிற்கு வெளியே மட்டுமன்று, கோயில் வீதிக்கு வெளியே நின்றோரும் அவருள் அடங்குவர். எனினும் இக்குடும்பத்தார் ஆசனத்தைத் தம் இலாபத்துக்காகப் பயன்படுத்தினரென்று கூற எமக்கு மனமில்லை. 1911இலே படித்த இலங்கையர்க்கென ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டபோது, மார்க்கஸ் பெர்னாண்டோ என்னும் சிங்கள வைத்தியரை எதிர்த்து நின்ற இராமநாதன் வென்றார். வாக்காளர் தொகை மூவாயிரத்துக்கும் குறைவு; அவருட் பெரும்பாலார் சிங்களவர். சிங்களவரிடையிருந்த சாதிப்பிரிவினையும் அவ்வெற்றிக்கு உதவிற்று என்பதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் பாட்டனார்க்குத் தேசாதிபதி கொடுத்ததைப் பெயரனார் மக்களிடமிருந்து பெற்றார். 1915இற் கலகத்தை அடக்கப் புகுந்த அரசாங்கம் இழைத்த கொடுமைகளைச் சிங்களவர் சார்பில் நின்று அவர் எடுத்துரைத்ததும் அவ்வாசனத்திலிருந்தே.

அதே இராமநாதன் தம் முதுமையிலே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். எண்ணிக்கை மிகுந்தோர் எண்ணிக்கை குறைந்தோரை விழுங்குவர் என்னும் அச்சமும், கல்லாதார் கையில் வாக்கைக் கொடுத்தலாகாதென்னும் பழைய எண்ணமும் அவரிடம் கலந்திருந்தன. முதலாவதைப் பின்வந்த காலம் முற்றும் பொய்யாக்கவில்லை; இரண்டாவதை நாம் ஏற்பதற்கில்லை. அவர் நிறுவிய கல்விக்கூடங்களே அவரது இரண்டாவது எண்ணத்துக்கு விடையாயின. 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் கல்லூரி, 1921இலே திருநெல்வேலியில் எழுந்த பரமேசுவராக் கல்லூரி ஆகியவற்றாற் பயன்பெற்றோரை நாம் எண்ணிச் சொல்லல் இயலாது. பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று.

இளையவராகிய அருணாசலத்தின் உத்தியோகம் எம் ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமானது. பதிவாளர் நாயகமாக இருந்து நாட்டின் பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகளையும் காணிப் பதிவுகளையும் ஒழுங்குசெய்தவர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையை ஓர் இலக்கியம் போல் எழுதியவரும் அவரே. இன்று இலங்கையிலே தம் பாட்டன் பூட்டனைத் தேடுவோர், கச்சேரியிற் காசு கட்டிப் பிரதி எடுக்கும்போது, அப்பதிவுகளை ஒழுங்காக்கியவர் கெருடாவிற் குமாரசுவாமியின் மகள் வயிற்றுப் பெயரன் என்பதை அறியார். 1919இலே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக இருந்ததும், பல்கலைக்கழக இயக்கத்தைத் தொடக்கியதும் அவர் புகழை நிலைநிறுத்தின. அவையெல்லாம் பலர் எழுதியவை. பதிவுப் புத்தகத்தை ஒருவரும் பாடுவதில்லை.

எஞ்சியவர் ஆனந்தர். சேர் முத்துக் குமாரசுவாமி இங்கிலாந்திலே கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் பெண்மணியை மணந்தார். இவர்களுக்கு 1877 ஆகத்து 22ஆந் தேதி கொழும்பிலே பிறந்த ஒரே மகன் ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி. தாயும் குழந்தையும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவரைச் சேரப் பயணத்துக்கு ஆயத்தமாயிருந்த வேளையிலே தந்தையார் இறந்தார். தந்தையைக் குழந்தைப் பருவத்தில் இழத்தல் இவ்வீட்டில் இரண்டாம் முறையாக நேர்ந்தது. மகன் அந்நாட்டிலேயே வளர்ந்து, புவிச்சரிதவியல் கற்று, இலங்கையிலே கனிப்பொருள் ஆய்வுக்கு வந்து, கல்லைப் பார்க்க வந்தவர் சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1908இலே சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவிலே பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையிற் பணியாற்றி, 1947 செப்ரெம்பர் 9ஆந் தேதி காலமானார். தமிழ் அவர்க்குத் தாய்மொழியாகவில்லை. ஆனால் அவர் ஆயுள் முழுவதும் செய்ததும் ஒரு மொழிபெயர்ப்பே.

அவர் பெயரின் உறுப்புக்களைப் பிரித்துப் பார்ப்பார்க்கு எம் ஆராய்ச்சி முழுவதும் அதனுள் அடங்கிக் கிடத்தல் புலனாகும். கெண்டிஷ் என்பது தாயின் நாடு. குமாரசுவாமி என்பது பாட்டனார் பெயர். யாழ்ப்பாண வழக்கின்படி அவர் மு. ஆனந்தர் என்றே அழைக்கப்படற்பாலர். குமாரசுவாமி என்பது அவரோடு ஒட்டியிருக்க நியாயமில்லை. ஆங்கில வழக்குத் தந்தையின் பெயருக்குப் பின்னின்ற பெயரைக் குடும்பப்பெயராக்கிற்று. தமிழ்நெறியிலே முத்துவின் தந்தையைக் குறித்துநின்ற சொல், ஆங்கில நெறியிலே முத்துவின் பின்னோர் அனைவர்க்கும் முத்திரையாயிற்று. 2006 வரை அமெரிக்காவில் வாழ்ந்த, வைத்தியரும் நூலாசிரியருமான ஆனந்தரின் மகன் இராமரும் குமாரசுவாமி என்றே தம் பெயரை எழுதிவந்தார். செல்லாச்சியின் வழியிலோ அப்பெயர் மூத்த பெயரனோடு நின்று, அருணாசலம் மகாதேவா, இராமநாதன் மகேசன் என்று, எம் நாட்டு முறைப்படி அவரவர் தந்தை பெயருக்கு இடங்கொடுத்து ஒதுங்கிக்கொண்டது.